கெட்டது ஃபைல் இல்லை, அக்கா

பேச வேண்டாம், அக்கா, பேச வேண்டாம். கன்னம் இப்படி வீங்கியிருக்கிறதே, பல் பிடுங்கிவிட்டு வருகிறீர்களா? கடைவாய்ப் பல்லா? பஞ்சைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லியிருப்பாரே டாக்டர். நல்லது. தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும். தாம்பரம் வரைக்கும் நான் பேசிக்கொண்டு வருகிறேன். மறுபேச்சுப் பேசாத ஒரு ஆளைத்தான் நானும் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தக் கண்டக்டர் விஷயம். ஏறினதும் சண்டை போடுகிறாளே, என்ன பெண் இவள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அக்கா. "பைய மடியில வச்சுக்கம்மா" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! டிக்கெட் எடுத்தது நான். மடியும் என்னுடையது. சாமான் வைக்க இடம் கொடுக்க வேண்டியது பஸ்காரர் வேலை. அதற்கு என் மடிதானா கிடைத்தது? "அப்ப மேல ஏத்துங்க" என்றார். மேலே வைத்து, பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு, எழுதிக் கொடுங்கள் என்றேன். அவ்வளவுதான். பையை வாங்கிக்கொண்டு போய் முன்னால், டிரைவர் பக்கத்தில், எஞ்சின் மூடி மேல் வைத்துவிட்டு வந்தார். அதுதான் சரியான இடம். டிரைவர் கண் முன்னாலேயே இருக்கிறது. தனக்கு ஆபத்து வருகிற மாதிரி எந்த டிரைவரும் ஓட்ட மாட்டார் அல்லவா? தர்க்கம் அதுதான்.

அந்தப் பைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அக்கா. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் எழுதி வைக்குமே, அந்தப் பெட்டி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, செங்கல் மாதிரி கனம். என் பிஎச்டி முழுக்க அதற்குள்தான். வேறு எங்கும் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இனி அவகாசம் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அது திறக்கவில்லை என்றால் மங்கையர்க்கரசி வெறும் மங்கையர்க்கரசியாகவே ஊருக்குப் போக வேண்டியதுதான். டாக்டர் மங்கையர்க்கரசி இல்லை.

என்ன ஆய்வு என்று கேட்க மாட்டீர்களா? மொழியியல் துறை. பஸ்ஸில் நடக்கிற சண்டைகள். சிரிக்காதீர்கள், கன்னம் வலிக்கும். மூன்று வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி, கண்டக்டரும் பயணியும் எப்படி வாதாடுகிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். ஜன்னலைத் திற, மூடு. இங்கே நிறுத்து, நிறுத்த முடியாது. இது என் சீட்டு, உன் பெயரா எழுதியிருக்கிறது. அதிலிருந்து நான் கண்டுபிடித்த ஒரு உண்மை இருக்கிறது, கேளுங்கள். வாதத்தில் ஜெயிக்கிறவர், வாதம் எதற்காக ஆரம்பித்தது என்பதை ஜெயிக்கிற நேரத்தில் மறந்துவிடுகிறார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். எக்ஸ்பிரஸ் வண்டி எங்கள் ஊரில் நின்றே ஆக வேண்டும் என்று வழியெல்லாம் வாதாடி, கண்டக்டரைத் திணறடித்து, கடைசியில் விசில் ஊதவைத்து, மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினார். அது அவர் ஊரே இல்லை. அடுத்த ஊர்தான் அவருடையது. எவ்வளவு வேடிக்கையான மனிதர்கள்! அவர் குரலும் அந்த டிஸ்க்கில்தான்.

இப்போது அது எப்படிச் செத்தது என்று சொல்கிறேன்.

எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் சிங்காரவடிவேல். எனக்கு நெறியாளரும் அவர்தான். ஆய்வு மாணவர்கள் ஒலிப்பதிவை எல்லாம் துறை சர்வரில்தான் போட வேண்டும், ரெக்கார்டரை அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார். சர்வர் என்றால் எல்லோருக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்குத் திறப்பு விழா நடந்தது, அக்கா! ரிப்பன், குத்துவிளக்கு, சர்வருக்கு மாலை, நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். நெற்றியில் பித்தளைத் தகடு: 'பேராசிரியர் முனைவர் சிங்காரவடிவேல் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது.' மாலை வாடும் வரைக்கும் எடுக்கக்கூட இல்லை. காற்று போகிற ஓட்டையில் சாமந்தி இதழ் போய் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நாள் கழித்து என் ஃபைல்கள் ஒழுங்கில்லாமல் போக ஆரம்பித்தன. ஒன்று திறக்காது. ஒன்று திறந்தால் பாதியில் நின்றுபோகும். ஒருநாள் ஒரு சண்டையைப் போட்டுக் கேட்கிறேன், "எறங்குய்யா கீழ!" என்று கண்டக்டர் கத்துகிறார், அடுத்த நொடி ஒரு பொம்பளைக் குரல், "ஆராரோ, ஆரிரரோ" என்கிறது! ஜெசிந்தாவின் ஃபைல். என் அறைத்தோழி, தூத்துக்குடிக்காரி, தாலாட்டில் ஆய்வு செய்கிறாள். அவள் ஃபைல் தலை என் ஃபைல் வாலில் ஒட்டிக்கொண்டது. ஓடிப் போய்த் துறைத் தலைவரிடம் போட்டுக் காட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு. சண்டை சமாதானமாயிடுச்சு."

என்ன சொல்வது இவரை? ஒரு வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. ஃபைல்கள் கெடுவதற்குக் காரணம் மாணவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ். இனிமேல் பென் டிரைவுக்குத் தடை. தடை போட்டார்கள், ஃபைல்கள் கெட்டுக்கொண்டே இருந்தன. அடுத்த சுற்றறிக்கைதான், அக்கா, என் ரத்தத்தைக் கொதிக்கவைத்தது. தமிழில் பெயர் வைப்பதால்தான் ஃபைல்கள் கெடுகின்றனவாம்! கம்ப்யூட்டருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லையாம். இனி எல்லா ஃபைலுக்கும் ஆங்கிலத்தில்தான் பெயர் வைக்க வேண்டுமாம். தமிழ் மொழியியல் துறையில்! மேடை ஏறினால் தமிழ் தமிழ் என்று தொண்டை வறளப் பேசுகிறவர் கையெழுத்துப் போட்ட காகிதம்!

அறைக்குள் நுழைந்து கேட்டேன். "சார், அலுவலகச் சம்பளப் பட்டியல் ஆங்கிலப் பேர்லதான இருந்துச்சு? அதுவும் போன வாரம் காணாமப் போச்சே?"

"அது தமிழ் ஃபைலுக்குப் பக்கத்துல இருந்திருக்கும்மா" என்றார்.

தொற்றுநோய் மாதிரி!

இன்னொருவர் திருஞானம் சார். உதவிப் பேராசிரியர், சர்வர் பொறுப்பு அவருக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, ரிப்பேர் புரோகிராமை ஓடவிடுவார். அந்தப் புரோகிராம் என்ன செய்யும் தெரியுமா? எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற கணக்குப் பிசகிப் போயிருந்தால், அதை ஒழுங்குபடுத்தும். எதற்கு எது சொந்தம் என்று தெரியாத துண்டுகளை அள்ளி ஒரு மூலையில், பெயரில்லாமல், வெறும் எண் போட்டுக் குவித்துவிடும். "க்ளீன்" என்று திரையில் வந்ததும் திருஞானம் சார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடியும் கெட்டுவிடும். என் சண்டைகள் ஒவ்வொன்றாக அந்த மூலையில் அனாதையாகச் சேர்ந்துகொண்டே வந்தன.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வீட்டுச் சுவரில் ஈரம் பூக்கிறது. வெள்ளையடிக்கிறீர்கள். மறுபடியும் பூக்கிறது. மறுபடியும் வெள்ளையடிக்கிறீர்கள். சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? ஃபைல்களை யாரும் கெடுக்கவில்லை, அவற்றை எழுதி வைத்திருக்கிற டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கிறது என்றால்? எழுதினது ஒன்று, படித்தால் வேறொன்று என்று டிஸ்க் கொடுத்தால் மேலே இருக்கிற கணக்கு பிசகத்தானே செய்யும்? அதை எத்தனை திங்கட்கிழமை திருத்தினால் என்ன?

நான் யூகத்தில் பேசுகிறவள் இல்லை, அக்கா. உட்கார்ந்து படித்தேன். சர்வர் தன் கஷ்டத்தை எல்லாம் தானே குறித்துக்கொண்டு வரும். திறந்து பார்த்தால், படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று வரிவரியாக அழுதிருக்கிறது! எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பற்றி. அப்போதும் நான் குதிக்கவில்லை. வயராக இருக்குமோ என்று வயரை மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. மெமரியாக இருக்குமோ என்று அதைச் சோதித்தேன். நன்றாக இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். பழுதும் கூடவே அங்கே வந்துவிட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த டிஸ்க், படிக்க முடியாமல் போன இடங்களின் கணக்கையும் தானே வைத்திருந்தது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

ஏன் கெட்டது என்றும் கண்டுபிடித்தேன். சர்வர் அறையில் இருந்த ஏசியைக் கழற்றித் துறைத் தலைவர் தன் அறையில் மாட்டிக்கொண்டார். கேட்டால், சர்வர் உட்கார்ந்துதானே இருக்கிறது, நான் அல்லவா வேலை செய்கிறேன் என்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். அது ஓடினால் மேஜை மேல் தம்ளர் நடக்கும். சூடும் அதிர்வும்! ஒரு டிஸ்க்குக்கு வேறு எமன் வேண்டுமா? உள்ளே தகடு சுற்றுகிறது, அதற்கு மேல் ஒரு மயிரிழை விட்டு ஊசி மாதிரி ஒன்று நகர்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சூட்டிலும் ஆட்டத்திலும் வைக்கிறவன் படித்தவனா, அக்கா?

பாருங்கள், உங்களுக்கே கோபம் வருகிறது. முன்சீட்டுக் கம்பியைத் தட்டுகிறீர்கள். இப்படி ஒரு ஆள் எங்கள் துறையில் இருந்திருந்தால் நான் ஏன் இப்படி அலைகிறேன்?

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "சார், கெட்டது ஃபைல் இல்ல. டிஸ்க்."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. "அது நான் தெறந்து வச்ச சர்வர்மா."

"நீங்க தெறந்து வச்சீங்க சார். ஏசிய எடுத்ததும் நீங்கதான்."

"நிரூபி" என்றார்.

ஒரே வார்த்தை. நிரூபி! அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் என்னமோ செய்யும். பள்ளிக்கூடப் பட்டிமன்றத்திலிருந்தே அப்படித்தான். அறைக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ அரசி, டிஸ்க் போகப் போகுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? மொதல்ல காப்பி எடுட்டி. என் தாலாட்டை எல்லாம் நான் நேத்தே எடுத்துட்டேன். என் டிஸ்க்ல இன்னும் எடம் கெடக்கு. சண்டைய நாளைக்குப் போடு."

பாருங்கள், நல்ல பெண்தான், ஆனால் கொள்கை கிடையாது. நான் விளக்கினேன். காப்பி எடுத்துவிட்டால் எனக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லையென்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் எதை நிரூபிப்பது? 'அதான் உன் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கே, பிறகென்ன?' என்று அவர் கேட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? தவிர, பொதுச் சொத்தைப் பாதுகாக்க வேண்டியது பல்கலைக்கழகம். என் தோழியின் டிஸ்க் அதற்குப் பொறுப்பா?

"நீ பெரிய ஆளுதான்ட்டி" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோற்றுவிட்டாள் என்று அர்த்தம்.

சோதனை செய்தேன். டிஸ்க் முழுவதையும் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை படிக்கவைக்கிற சோதனை. எங்கெங்கே திணறுகிறது என்று தெரிந்துவிடும். முடிவைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒரு தடவை வந்தா தற்செயல்" என்றார். மறுபடியும் முழுசாக ஓடவிட்டேன். போன தடவையை விடப் படிக்க முடியாத இடங்கள் இரண்டு பங்கு! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? துள்ளிக்கொண்டு ஓடினேன். "நீ தனியா ஒக்காந்து பண்ணுன சோதனை, சாட்சி இல்ல" என்றார். சரி, குழுவைக் கூட்டுங்கள், எல்லோர் முன்னாலும் ஓட்டுகிறேன் என்றேன்.

கூட்டினார்கள். 'கோப்புச் சிதைவு ஆய்வுக் குழு.' பேராசிரியர்கள், திருஞானம் சார், ஆளுக்கொரு வடை. நான் எழுந்து நின்று, வயரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அப்படி ஒரு பேச்சு நான் பேசியதே இல்லை. பிறகு சோதனையை ஓடவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஜெனரேட்டர் போட்டார்கள். சர்வர் முனகியது. டக் என்றது. டக், டக், டக். அப்புறம் சத்தமே இல்லை. திரையில் அந்த டிஸ்க்கின் பெயரே காணாமல் போயிற்று.

எல்லோரும் துறைத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். "சரிம்மா. டிஸ்க்குதான்" என்றார்.

ஜெயித்துவிட்டேன், அக்கா! கூட்டக் குறிப்பில் என் பெயரைப் போட்டே எழுதினார்கள்: 'ஆய்வாளர் மங்கையர்க்கரசியின் கருத்து சரியென இக்குழு ஏகமனதாக ஏற்கிறது.' ஏகமனதாக! தமிழ்ப் பெயர் சுற்றறிக்கையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனி எல்லா ஃபைலுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என்னிடம் பெயர் வைக்க ஃபைல்தான் இல்லை. ஆனால் அது வேறு விஷயம்.

ஜெசிந்தா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். "ஒன் சண்டையெல்லாம் போச்சேட்டி" என்று அழுகிறாள். தோற்றவர்களுக்கு அப்படித்தான் பேசத் தோன்றும்.

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. தாம்பரத்தில் ஒரு கடை இருக்கிறது. செத்த டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருவார்களாம். போனில் பேசினேன். அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "மேடம், அதுக்கு இனிமே கரண்ட் குடுக்காதீங்க. இன்னும் தகடு தேயாம இருந்தா எடுத்துடலாம். ஆனா ஆடக் கூடாது, அடிபடக் கூடாது, சூடு படவே கூடாது. பச்சப் புள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி மடியில வச்சு எடுத்துட்டு வாங்க" என்றான். எனக்கா சொல்கிறான்! சூட்டையும் அதிர்வையும் பற்றி ஒரு குழுவையே வாயடைக்கவைத்தவள் நான்.

என்ன, அக்கா, அப்போதிருந்து முன்னால் முன்னால் என்று கையை நீட்டுகிறீர்கள்? டிரைவர் வேகமாக ஓட்டுகிறாரா? குலுக்கல் அதிகமாகத்தான் இருக்கிறது. எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருக்கிற அந்தம்மா சூடு தாங்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்க்கச் சொல்கிறீர்களா? ஆமாம், பாவம். இந்த மாதிரிப் பழைய வண்டியை ஓட்டுவதற்கு இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நீங்கள் சொல்வது நியாயம். ஒரு புகார் எழுத வேண்டியதுதான்.

அந்த டிஸ்க்கை வாங்குவதற்கே தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருந்தது, தெரியுமா? பழுதான பொருள் கிடங்குக்குத்தான் போக வேண்டும், வெளியே கொடுக்க விதியில்லை என்றார் திருஞானம் சார். அதற்குள் இருக்கிற குரல்கள் கிடங்கினுடையதா என்னுடையதா என்று கேட்டேன். சர்வரையும் அதன் பித்தளைத் தகட்டையும் வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார்கள். அதிலும் ஜெயித்தேன்.

தாம்பரம் வந்துவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. சரி, அக்கா, நான் இறங்குகிறேன். நீங்கள் கோயம்பேடு வரைக்குமா? பஞ்சைத் துப்பிவிடாதீர்கள். என்ன, துப்பட்டாவை ஏன் பிடிக்கிறீர்கள்? முன்னாலா? முன்வாசல் வழியாக இறங்கச் சொல்கிறீர்களா? கண்டக்டரும் அதைத்தான் கத்துகிறார், கேட்டீர்களா? "லேடீஸ் முன்னாடி எறங்கு, லேடீஸ் முன்னாடி எறங்கு!" ஏன், பின்வாசல் ஆண்கள் பெயரில் பட்டா போட்டிருக்கிறதா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். அக்கா, நீங்களே ஒரு பெண், நீங்களும் இதைச் சொல்லலாமா? விடுங்கள். நான் பின்வாசல் வழியாகத்தான் இறங்குவேன்.

வழி விடுங்க சார். கொஞ்சம் நகருங்க. ஆமா, இந்தப் பக்கமாத்தான் இறங்குவேன், என்ன இப்போ? நீங்க விசில் ஊதினா ஊதுங்க.

இறங்கிவிட்டேன், பார்த்தீர்களா அக்கா! ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஏன் ஜன்னலைப் போட்டுத் தட்டுகிறீர்கள்? வாயைத் திறக்காதீர்கள், ரத்தம் வரும்! என்னவோ சொல்கிறீர்கள், சத்தத்தில் கேட்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, தலையை உள்ளே எடுங்கள், பார்த்து. அடடா, இரண்டு கையாலுமா ஆட்டுகிறீர்கள்! இவ்வளவு பிரியமாக என்னை யாருமே வழியனுப்பியதில்லை, அக்கா. போய் வாருங்கள்! இதோ, நானும் இரண்டு கையையும் ஆட்டுகிறேன், பாருங்கள்!